இறக்காத கொடி

கானெட் கீ தீவில் அந்தக் கொடி கண்ணில் படாமல் காலையில் பல் விளக்கி முடிக்க முடியாது. சிவப்புத் துணி, குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை. லாரிகளின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். பீர் டப்பாவுக்குப் போடுகிற உறையில் இருக்கும். நாயின் கழுத்துப்பட்டையில், குழந்தைக்கு எச்சில் வடியாமல் கட்டுகிற துணியில், மருந்துக்கடைக் கண்ணாடியில், பல் டாக்டரின் பெயர்ப்பலகையில். படகுத்துறை பாரில் கழிவறைக் கதவுகள் இரண்டிலும் அதுதான். தண்ணீருக்கு அடியில் ஆள் இருக்கிறான், மெதுவாகப் போ என்பது அதற்கு அர்த்தம். கழிவறைக்குள் யார் முக்குளிக்கிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

லொரெட்டா ஆல்பரிக்குக் கோடையிலிருந்து அந்தக் கொடியைப் பார்த்தாலே குமட்டியது. பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே குமட்டியது. பெட்ரோல் போடப் போன இடத்தில் முன்னால் நின்ற வண்டியில் அதைப் பார்த்துவிட்டு, இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்திருக்கிறாள். ஐம்பத்தாறு வயதுப் பெண். முப்பது வருடமாகப் படகு ஓட்டி, சுற்றுலா வந்தவர்களைப் பவளப்பாறை வரை கொண்டுபோய் ஸ்கூபா முக்குளிக்க வைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறவள். புயல் அலையில் ஒருநாளும் வாந்தி எடுக்காதவளுக்கு ஒரு முழத் துணியைப் பார்த்து வாந்தி வந்தது.

சட்டம் ஒன்றும் சிக்கலானதில்லை. ஆள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கொடியை ஏற்று. கடைசி ஆள் மேலே வந்ததும் இறக்கு. கொடி பறந்தால் முந்நூறு அடிக்குள் வருகிற படகு எதுவானாலும் தவழ்ந்துதான் போக வேண்டும். ஏற்றாவிட்டால் அபராதம், பறக்கும்போது விரைந்தால் அபராதம், ஆள் இல்லாதபோது பறக்கவிட்டாலும் அபராதம். ஏற்று, இறக்கு. இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இருக்க முடியாது. அதனால்தான் அந்தத் துறையில் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

லொரெட்டா தன் 'மிஸ் ஒபீலியா' படகின் கம்பத்தில் கொடியைப் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். நான்கு பட்டைகள். ஒரு நாளைக்கு நாலு தடவை ஏற்றி இறக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது ஒரு காரணம். பாலத்தில் கார் ஓட்டிப் போகிறவர்கள் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தேடி வருகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். படகு கட்டிக் கிடக்கும்போதும் கொடி பறந்தது. டீசல் போடும்போதும் பறந்தது. கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் படகுக்கு விளக்கு போட்டு, கேப்டனுக்குச் சாண்டா தொப்பி போட்டு ஓட்டியபோதும் பறந்தது. பக்கத்துப் படகுக்காரன் வேட் சாயர் அதே மாதிரிதான். அவன் போதாததற்குக் கொடி போட்ட பனியனும் விற்றான்.

நீர்க்காவல் அதிகாரி டகிள் அவளோடு ஒரே பள்ளியில் படித்தவர். மூன்று தடவை வாயால் சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவை அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார். லொரெட்டா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, துறையில் இருந்த தன் கடையில் மாட்டினாள். கீழே 'உலகத்திலேயே பாதுகாப்பான படகு, கொடி எப்போதும் பறக்கும்' என்று எழுதி வைத்தாள். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டகிளையும் ஒருநாள் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மனிதர் சிரித்தார், வேறென்ன செய்வார்.

ஜூலைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. படகில் ஒஹையோவிலிருந்து வந்த எட்டுப் பேர், அவர்களைத் தண்ணீருக்கு அடியில் மேய்க்கிற நெஸ்டர் ஃபுண்டோரா, மேலே லொரெட்டா. நெஸ்டர் பன்னிரண்டு வருடமாக அவளிடம் வேலை பார்க்கிறவன். கியூபாக்காரன், நாற்பத்தொரு வயது, எட்டு முட்டாள்களை அழைத்துப்போனால் எட்டு முட்டாள்களையும் எண்ணித் திருப்பிக் கொண்டுவருகிறவன். முதல் தடவை முக்குளித்து வந்தார்கள். தர்பூசணி வெட்டித் தின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறங்கினார்கள்.

அன்று காலையிலிருந்து ஒரு வெள்ளைப் படகு அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. பின்னால் மூன்று எஞ்சின், ஒவ்வொன்றும் ஒரு குளிர்பதனப் பெட்டி உயரம். ஓட்டியவன் பிராண்ட்லி ஸ்ட்ரவுட், மயாமியில் கடலோர வீடுகள் விற்பவன். தர்பூசணி தின்றுகொண்டிருந்தபோது போனான், கை காட்டினான், படகில் இருந்தவர்களும் கை காட்டினார்கள். மூன்றாம் தடவை வந்தபோது படகில் லொரெட்டா மட்டும் இருந்தாள். அவன் எஞ்சின் மூன்றும் அலற நேராக வந்தான். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக் கத்தினாள். அவன் அதற்கும் கை காட்டினான். நெஸ்டர் படகிலிருந்து அறுபதடி தள்ளி அப்போதுதான் தலையை வெளியே நீட்டினான்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. லொரெட்டா அவனைப் படகுக்கு இழுத்து, ரத்தம் நிற்கத் தொடையில், முக்குளிப்பவர் இடுப்பில் கட்டுகிற எடைப் பட்டையை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்ட்ரவுட் திரும்பி வந்தான். முதலில் தன் ப்ரொப்பெல்லரை எட்டிப் பார்த்தான். பிறகுதான் இவர்களைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை கடவுளே என்றோ ஐயோ என்றோ இல்லை.

"காலைலேர்ந்து அந்தக் கொடி அங்கதான் இருக்கு. சும்மா கட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்," என்றான்.

அந்த மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது லொரெட்டாவுக்கு. வெயில் கண்ணாடி, உதட்டில் பூசிய வெள்ளைக் களிம்பு, கப்பில் இன்னும் உருகாத பனிக்கட்டி. ரத்தத்தை நேராகப் பார்க்கப் பிடிக்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு பேசுகிறான். இதெல்லாம் அருவருப்புதான். ஆனால் அவளை நிறுத்திப் பிடித்தது அவன் சொன்ன வாக்கியம். அது உண்மை. அப்பேர்ப்பட்ட வாயிலிருந்து உண்மை வந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

மீட்புப் படகு நெஸ்டரை ஏற்றிக்கொண்டு போனது. ஒஹையோக்காரர்கள் ஈர உடையோடு உட்கார்ந்து அழுதார்கள். டகிளின் படகு தூரத்தில் வருவது தெரிந்தது. லொரெட்டா கத்தியை எடுத்தாள், கம்பத்தில் ஏறினாள், நாலு பட்டைகளையும் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கொடியைக் கயிற்றில் கோத்து ஒழுங்காகக் கட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை தானாகச் செய்தது. டகிள் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். துருப்பிடிக்காத கம்பத்தில் நாலு இடத்தில் பட்டை இருந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. பார்த்துவிட்டு அவர் தன் குறிப்பேட்டில் வேறு எதையோ எழுதினார்.

அன்று மாலையே துறையில் இருந்த எல்லாப் படகுகளிலும் கொடிகள் இறங்கின. வேட் சாயர் பனியன்களைக்கூட உள்ளே எடுத்து வைத்தான். ஒரு வாரம் போனது. பிறகு ஒவ்வொன்றாக மறுபடி ஏறின, புதுப் பட்டைகளோடு. பனியன்களும் வெளியே வந்தன. லொரெட்டாவின் கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. அவளிடம் இப்போது முக்குளிக்க வருகிறவர்களும் இல்லை.

ஸ்ட்ரவுட் மேல் வழக்குப் போட்டார்கள். கண்மூடித்தனமாக ஓட்டி ஊனமாக்கியது. அதற்குள் அவனுக்கு வக்கீல் கிடைத்துவிட்டார், கதையும் மாறிவிட்டது. தான் மெதுவாகத்தான் வந்ததாகவும், அந்த ஆள்தான் படகுக்கு அடியில் திடீரென்று முளைத்ததாகவும் சொன்னான். போன பாதையையும் வேகத்தையும் பதிந்துவைக்கிற கருவி அன்றைக்கென்று பார்த்து அணைந்திருந்ததாம். ஒஹையோக்காரர்கள் எட்டுப் பேரும் தண்ணீருக்கு அடியில் இருந்தவர்கள், சத்தம் மட்டும் கேட்டவர்கள். நெஸ்டர் தலையை நீட்டியபோது எதிரே பார்த்தது வானம்தான். ஸ்ட்ரவுட் வந்த வேகத்தை மேலிருந்து கண்ணால் பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

நெஸ்டர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு லொரெட்டா வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தாள். அவன் அதிகம் பேசமாட்டான். காப்பீடு பற்றியோ நஷ்டஈடு பற்றியோ அவன் மனைவி மிர்தாதான் ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மட்டும் அவனாகவே வாயைத் திறந்தான்.

"எனக்கு அவன்கிட்டேர்ந்து ஒண்ணும் வேணாம் கேப்டன். நீதிபதி முன்னாடி அவன் எந்திரிச்சு நிக்கணும். என்ன செஞ்சான்னு ஒருத்தர் சத்தமா படிக்கணும். அவன் ரெண்டு காலையும் ஊனி நின்னு அதைக் கேக்கணும். அவ்வளவுதான்."

லொரெட்டா நிற்க வைக்கிறேன் என்று சொன்னாள். சத்தியம் செய்யாத குறை.

வாக்குமூலம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் டகிள் கடைக்கு வந்தார். சுவரில் சீட்டு மாட்டியிருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும் இருந்தது. அவர் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கொடி பத்திக் கேப்பாங்க. நாள் முழுக்க பறந்துச்சுன்னு சொல்லிடு."

"சொன்னா?"

"உனக்கு ஒரு அபராதம் வரும். நாலு பேர் சிரிப்பாங்க. ஆனா கொடி சும்மா இருக்கா நெசமா இருக்கான்னு யோசிக்கிற வேலையைச் சட்டம் ஸ்ட்ரவுட்டுக்குக் குடுக்கலை. பறந்தா மெதுவாப் போகணும், முடிஞ்சுது. கொடி விஷயத்துல நீ உண்மையைச் சொன்னா, வேகத்தைப் பத்தி நீ சொல்றதையும் நம்புவாங்க. அதுதான் முக்கியம், லொரெட்டா."

துறையில் மற்றவர்கள் சொன்னது வேறு. வேட் சாயர் சொன்னான், முதல் தடவை ஆட்கள் தண்ணீரை விட்டு ஏறினதும் கொடியை இறக்கினேன் என்று சொல், யார் பார்த்தார்கள். எரிபொருள் விற்கிறவன் சொன்னான், நீ வாயை விட்டால் நாளைக்கு எங்கள் எல்லோர் படகுக்கும் அதிகாரிகள் வந்து நிற்பார்கள். படகுத்துறை பாரை நடத்துகிற பார்க்காரி சொன்னாள், பாவம் நெஸ்டர், அவனுக்காகவாவது அப்படிச் சொல்லிவிடு. நெஸ்டருக்காக என்ற வார்த்தை லொரெட்டாவுக்கு இதமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. அந்த வெள்ளைக் களிம்பு உதடு சொன்னது சரிதான் என்று, கையை உயர்த்திச் சத்தியம் செய்து, ஒரு அறை நிறைய ஆட்களுக்கு முன்னால் தன் வாயால் சொல்ல அவளால் ஆகாது. சொல்வதற்குப் பதில் இன்னொரு தடவை வாந்தி எடுக்கலாம்.

வழக்கு நீதிபதி முன்னால் போவதற்கு முன், இரு தரப்பு வக்கீல்களும் சாட்சியைக் கேட்டுப் பதிகிற வாக்குமூலம் ஜனவரியில், நீதிமன்றக் கட்டடத்தின் மாடியறையில் நடந்தது. ஏசி எலும்பைக் குடைந்தது. ஸ்ட்ரவுட்டின் வக்கீல் செலஸ்ட் ஆர்மண்ட், லொரெட்டாவின் வயதுதான் இருக்கும். குளிர்கிறதா என்று கேட்டுத் தன் சால்வையைக் கொடுக்க வந்தாள். தட்டில் வெண்ணெய் பிஸ்கெட் வைத்திருந்தாள். அரசுத் தரப்பு வக்கீல் ப்ரூயிட், சின்ன வயது, கழுத்துப்பட்டை கொஞ்சம் கோணல். ஒரு பெண்மணி மூலையில் உட்கார்ந்து பேசியதை எல்லாம் தட்டச்சு செய்தாள்.

முதலில் வேகம். லொரெட்டா சொன்னாள், எஞ்சின் சத்தம், படகின் மூக்கு தூக்கியிருந்தது, பின்னால் எழும்பிய நுரை ஒரு மாடி உயரம். முப்பது வருடத்தில் ஒருநாளும் இவ்வளவு தெளிவாக அவள் பேசியதில்லை. ப்ரூயிட் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆர்மண்ட் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பிஸ்கெட் தட்டை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, முதல் தடவை முக்குளித்தவர்கள் மேலே வந்த பிறகு கொடி எங்கே இருந்தது என்று கேட்டாள்.

"இறக்கிட்டேன்," என்றாள் லொரெட்டா.

"நீங்களேவா?"

"என் கையால."

எப்போதும் அப்படித்தான் செய்வீர்களா என்று கேட்டாள் ஆர்மண்ட். எப்போதும் இல்லை, சிலநாள் மறந்திருக்கிறேன், அன்று மறக்கவில்லை என்றாள் லொரெட்டா. பொய்யை நம்பும்படி சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது. கொடியை மடித்துக் கேப்டன் இருக்கைக்கு அடியில் வைத்ததாகச் சொன்னாள். ஈரமாக இருந்ததாகச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சேர்த்தாள். இரண்டாம் தடவை ஆட்கள் குதிப்பதற்கு முன்னால் மறுபடி ஏற்றியதாகச் சொன்னாள். மூலையில் விரல்கள் ஒவ்வொன்றையும் அச்சடித்தன.

ஆர்மண்ட் கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து, பிஸ்கெட் தட்டுக்கும் லொரெட்டாவின் கைக்கும் நடுவில் வைத்தாள்.

ஒஹையோக்காரர்களில் ஒருத்தி எடுத்த படம். ஏழு பேர் வரிசையாக நின்று தர்பூசணித் துண்டைக் கையில் பிடித்து இளிக்கிறார்கள். நடுவில் நெஸ்டர், கையில் கத்தி. தலைக்கு மேல் கொடி விரிந்து பறக்கிறது, கம்பத்தோடு அதைப் பிடித்திருக்கிற பட்டைகள்கூடத் தெரிகின்றன. மூலையில் வெள்ளைப் படகு, அதில் ஒரு கை உயர்ந்திருக்கிறது. அந்தப் பெண் அதை அங்கேயே ஃபோனிலிருந்து மிஸ் ஒபீலியாவின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தாள். கீழே நேரம் இருந்தது, பத்து நாற்பத்தொன்று. அதற்கும் கீழே, மிஸ் ஒபீலியாவின் பெயரில் ஒரு சின்ன சிவப்பு இதயம்.

"இந்த இதயம் போட்டது யாருங்க, கேப்டன் ஆல்பரி?" ஆர்மண்ட் மெதுவாகத்தான் கேட்டாள்.

போட்டது லொரெட்டாதான். சுக்கானுக்குப் பக்கத்தில் நின்று, தர்பூசணிக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டாள். அரைமணி நேரம் கழித்து நடந்ததில் அது அடியோடு மறந்துபோயிற்று. ஆறு மாதமாக அது அவளுடைய இணையப் பக்கத்திலேயே, ஊர் பார்க்க இருந்திருக்கிறது. அவள் ஞாபகம் இல்லை என்றாள். பிறகு, படம் எடுத்த பின் இறக்கியிருப்பேன் என்றாள். ஆர்மண்ட் அவளைத் திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. நன்றி சொல்லி, படத்தைத் திரும்பக் கோப்பில் வைத்து, தட்டில் ஒட்டியிருந்த பிஸ்கெட் தூளை விரலால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டாள். அந்த விரலைப் பார்த்தபோது லொரெட்டாவுக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தப் பெண் தன் வேலையைத்தான் செய்தாள்.

வராந்தாவில் ப்ரூயிட் தண்ணீர்க் குழாயில் குனிந்து நிறையத் தண்ணீர் குடித்தான். நிமிர்ந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"கொடி அங்கேயே இருந்துச்சு, நான்தான் இறக்கலைன்னு ஒரு வரி சொல்லியிருந்தா போதுமே மேடம். எனக்கு அது கெடுதலே இல்லை. அவன் வேகத்துக்கு என்கிட்ட ஒரே ஒரு சாட்சி. அந்த சாட்சி பொய் சொல்றவங்கன்னு இப்போ அச்சுல இருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் யார் முன்னாடி போய் நிப்பேன்?"

மாற்றிச் சொல்லலாமா, எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். எழுதிக் கொடுங்கள், உங்களுக்கு நல்லது, வழக்குக்கு இனி ஒன்றும் ஆகாது என்றான். அவள் மேல் பொய்ச்சாட்சி வழக்குப் போட மாட்டேன் என்றும் சொன்னான். அதை இரக்கத்தோடு சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுதிக் கொடுத்தாள். உண்மையை எழுதுவது எவ்வளவு சின்ன வேலை என்று அப்போதுதான் தெரிந்தது, நாலு வரிகூட வரவில்லை.

பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். கண்மூடித்தனம் போயிற்று, ஊனம் போயிற்று. மிஞ்சியது அபராதச் சீட்டுகள் இரண்டு. கொடி பறக்கிற இடத்துக்குள் வேகத்தைக் குறைக்காமல் வந்ததாக ஸ்ட்ரவுட்டுக்கு ஒன்று. ஆள் இல்லாதபோது கொடியை இறக்காமல் விட்டதாக லொரெட்டாவுக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே தொகை. துறையில் இருவர் உட்கார்ந்து வயிறு நிறைய இறால் சாப்பிட்டால் வருகிற பில் அது. லொரெட்டாவின் சீட்டை டகிள் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கேட்டதால் சொன்னார், ஸ்ட்ரவுட் தன்னுடையதை ஃபோனிலேயே கட்டிவிட்டான், நீதிமன்றத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. வெளியே போகும்போது வேட் சாயர் டகிளை நிறுத்தி ஏதோ வேடிக்கை பேசினான். அவன் போட்டிருந்த பனியனில் கொடி நெஞ்சு அகலத்துக்கு இருந்தது. இந்த மனிதர்களோடு முப்பது வருடம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. அதோடு விடவில்லை அந்தக் கூச்சம். வேட் சாயர் குறைந்தபட்சம் சத்தியம் செய்து பொய் சொன்னதில்லை.

மறுநாள் மத்தியானம் நெஸ்டர் வீட்டுக்குப் போனாள். நெடுஞ்சாலைக்குப் பின்னால் சக்கரம் கழற்றி நிறுத்திய டிரெய்லர் வீடுகள் வரிசையில் அவனுடையது கடைசி. மிர்தா கதவைத் திறந்தாள், உட்காருங்கள் கேப்டன் என்றாள், உள்ளே போய்க் காபிக் கூஜாவை அடுப்பில் வைத்தாள். அந்த வீட்டில் யார் வந்தாலும், கடன்காரனே வந்தாலும், முதலில் நடக்கிற காரியம் அதுதான். காபி குடிக்காமல் அங்கிருந்து யாரும் எழுந்து போனதில்லை.

நெஸ்டர் ஜன்னல் பக்கம் இருந்தான். புதுக் கால் பக்கத்து நாற்காலியில் கிடந்தது, இன்னும் பழகவில்லை, தோலை உரிக்கிறதாம். வழக்கு போன விஷயம் அவனுக்குத் தெரியும், ப்ரூயிட் ஃபோன் செய்திருந்தான். சாட்சி பலவீனம் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். யார், என்ன என்று அவன் சொல்லவில்லை, துறைப் பேச்சு மட்டும் மிர்தா வழியாக நெஸ்டரின் காதில் விழுந்திருந்தது.

லொரெட்டா எல்லாவற்றையும் சொன்னாள். டகிள் சொன்ன யோசனை, மடித்து வைத்ததாகச் சொன்ன கொடி, படம், இதயம், எழுதிக் கொடுத்த நாலு வரி, ஒரே தொகை. ஒன்றையும் விடவில்லை. நெஸ்டர் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னான். அவள் தன் ஃபோனில் எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். தன் முகத்தைப் பார்த்தான், பிறகு கீழே நகர்த்தினான், அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டான். படத்தில் அவன் செருப்பில்லாமல் நின்றிருந்தான்.

"அப்போ நீங்க நடந்ததைச் சொல்லியிருந்தா அவன் நின்னிருப்பானா?"

"நின்னிருப்பான்னு ப்ரூயிட் சொல்றான்."

"எல்லாரும் சொல்றாங்க, எனக்காகத்தான் நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு. பார்க்காரி மிர்தாகிட்ட அழுதுச்சாம்." அவன் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். "எனக்காகவா, கேப்டன்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் கேட்டான், குரலிலேயே தெரிந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம், அவளுக்கு ஒரு கை கொடுக்கப் பார்த்தான். உள்ளே கூஜாவில் தண்ணீர் முனக ஆரம்பித்தது. மிர்தா சின்னக் கிண்ணங்களை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்ல," என்றாள் லொரெட்டா. "எனக்காக. அவன் சொன்னது சரின்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

நெஸ்டர் நாற்காலியில் கிடந்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டையைச் சரிசெய்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினான். சத்தம் போடவில்லை, கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"மிர்தா, அடுப்பை அணைச்சிடு. கேப்டன் கிளம்பறாங்க."

கூஜாவில் காபி அப்போதுதான் பொங்கி மேலே வரத் தொடங்கியிருந்தது. மிர்தா வாசற்படியில் வந்து நின்று கணவனைப் பார்த்தாள், லொரெட்டாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அணைத்தாள்.